பதினைந்தாம் நாள் திரும்பி வந்த பணம்

கிரிசாந்தோவின் பேரை எடுத்தாலே எங்கள் டிரைசைக்கிள் நிறுத்தத்தில் ஒரு சிரிப்பு கிளம்பும். மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டியைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வருடமாக மணிலாவுக்குத் தெற்கே லிபா நகரத்தில் ஆள் ஏற்றுகிறான். இன்றுவரை யாரையும் முந்திப் போனதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணி அடித்துவிடும் என்று அழுதாலும் அவன் வேகம் அவன் வேகம்தான். ஆமை என்று கூப்பிட்டால் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான். கோபப்படத் தெரியாதவனிடம்தான் நமக்கு எல்லாத் துணிச்சலும் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

நிறுத்தத்துக்கு எதிரே கம்பி வலை அடித்த கடை என்னுடையது. ஷாம்பூ பாக்கெட், முட்டை, கருவாடு, ஒற்றை ஒற்றையாக சிகரெட், காலையில் பாண்டேசால் ரொட்டி. என் பேர் நிம்ஃபா. வாய் நீளம் என்று தெருவில் பேர் எடுத்தவள், அதை மறுக்கப் போவதில்லை.

அவன் பெண்டாட்டி ஃபெலிசா முன்பு துணி ஆலையில் தையல் வேலை பார்த்தாள். ஏழு மாதம் அவளை ஆலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான், ஒரு நாள்கூடக் காசு வாங்கவில்லை. பேசவும் இல்லை. கடைசியில் அவள் என் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, "காசை எடுத்துக்கோ, இல்லேன்னா என்னைக் கட்டிக்கோ. ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லு" என்றாள். அவன் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் நான்கு பேருக்கு முட்டை விற்றுவிட்டேன்.

அவர்கள் மகள் ரியலினுக்கு நான்தான் ஞானத்தாய். கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்திய நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் என்னைக் குமாரே என்றுதான் கூப்பிடுவார்கள், நான் அவனைக் கும்பாரே என்பேன். அந்த உறவில் கேட்டதை மறுக்கவும் கூடாது, முகம் வாடும்படி பேசவும் கூடாது. கூடப் பிறந்தவர்களிடம்கூட நாங்கள் இவ்வளவு மரியாதை பார்ப்பதில்லை.

ஆலை மூடிய பிறகு ஃபெலிசா ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். பதினோரு பேர் இருக்கிற வீடு, துவைக்கிற எந்திரத்துக்குப் பக்கத்தில் படுக்கை. ஒரு வருடம் தாக்குப் பிடித்தாள். பிறகு முட்டி வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறுகிறேன் என்றாள். "ஞாயித்துக்கெழமைன்னு ஒரு நாள் இருக்கிறதே மறந்துபோச்சு, குமாரே. எப்படியாவது கூப்பிட்டுக்கச் சொல்லு" என்று போனில் என்னிடம் அழுதாள். பாதியில் திரும்ப வேண்டுமானால் முதலாளி செய்த செலவைக் கட்ட வேண்டும், ஒரு லட்சத்து எழுபதாயிரம் பெசோ என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். நாள் முழுக்க ஓட்டினாலும் அறுநூறு தேறாத ஆமைக்கு அது எட்டாத தொகை.

மழைக்காலத்தில் நிறுத்தத்தில் ஆளே வராது. வரிசையில் நிற்கிற பத்து ஓட்டுநர்களும் தலையைக் குனிந்து போனில் ஸ்காட்டர் ஆடிக்கொண்டிருப்பார்கள். பழமும் மணியும் சுற்றுகிற சூதாட்டம்தான், ஸ்காட்டர் என்கிற படம் மூன்று சேர்ந்து விழுந்தால் காசு கொட்டும். கிரிசாந்தோ ரொம்ப நாள் ஆடாமல்தான் இருந்தான். ஏஜென்சிக்காரன் சொன்ன தொகையைக் கேட்ட பிறகு ஐம்பது பெசோவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

ஆட்டத்துக்குப் பணம் போனில் இருக்கிற வாலட்டிலிருந்துதான் போக வேண்டும். அவன் வாலட் இருந்த நம்பர் முந்தின வருட வெள்ளத்தில் போனோடு போயிற்று. புதிதாகத் திறக்கச் சொன்னால், "எதுக்கு? அதான் உன்னோடது இருக்கே" என்பான். நிறுத்தத்தில் பாதிப் பேர் அப்படித்தான். என் கையில் காசைக் கொடுப்பார்கள், நான் வாலட்டிலிருந்து அனுப்புவேன். ஜெயித்தால் அதே வாலட்டுக்கு வரும், பத்து பெசோ எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவேன். முந்நூறு, ஐநூறு வரும்வரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வாலட் என் புருஷன் ஆர்செனியோ பேரில் இருந்தது. திறக்கிற அன்று ஒழுங்கான அடையாள அட்டை அவரிடம்தான் இருந்தது, நகராட்சி கொடுத்த அட்டை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கொட்டுகிற மழையில் கிரிசாந்தோ தெருவைக் கடந்து வந்தான். கொதிக்கிற லோமி நூடுல்ஸ் கிண்ணத்தைத் தூக்கி வருகிறவன் போல இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான்.

"குமாரே, இதுல எவ்வளவு இருக்குன்னு நீயே படிச்சுச் சொல்லு. எனக்குக் கண்ணு சரியில்ல போல."

படித்தேன். இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூறு. இன்னொரு தடவை படித்தேன்.

"யோவ் ஆமை!" என்று கத்திவிட்டேன். "ஜெயிச்சுட்டியேய்யா!"

அவன் கத்தவில்லை. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப ஃபெலிசா வீட்டுக்கு வந்துரலாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

பணத்தை வெளியே எடுக்கிற பொத்தானை நான்தான் அமுக்கினேன். உடனே ஆட்டக் கம்பெனி சார்பில் மிஸ் ஏஞ்சல் என்று ஒருத்தி எழுத்தில் பேச வந்தாள். அன்பான வாடிக்கையாளரே, வாழ்த்துகள், ஒரு சின்னச் சரிபார்ப்பு. ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றாள், அனுப்பினோம். உரிமத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடு என்றாள். வெளிச்சம் பட்டு எழுத்து தெரியவில்லை, இன்றைய செய்தித்தாளோடு எடு என்றாள். கிரிசாந்தோ வாழ்நாளில் முதல் தடவையாகச் செய்தித்தாள் வாங்கினான்.

"சிரிக்காதேய்யா, உரிமத்துல நீ சிரிக்கல" என்றேன்.

"சிரிப்பு தானா வருது குமாரே, நான் என்ன பண்ண?"

நான்காம் நாள் ஏஞ்சல் விஷயத்துக்கு வந்தாள். நீங்கள் கட்டிய பணம் வேறொருவர் வாலட்டிலிருந்து வந்திருக்கிறது. அந்த வாலட்டுக்காரர், அதைத் திறந்தபோது காட்டிய அதே அட்டையோடு வீடியோவில் வந்து, ஆடியது தான் இல்லை, இந்தப் பணத்தில் தனக்கு உரிமை இல்லை என்று சொல்ல வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் இது நடக்காவிட்டால் பணம் ஆட்டக் கணக்குக்கே திரும்பிவிடும்.

நான் படித்துச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்ளோதானா? ஆர்செனியோ ரெண்டு நிமிஷம் மூஞ்சியக் காட்டுனாப் போதும். நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

ஆர்செனியோ நகராட்சியில் போக்குவரத்து ஒழுங்கு செய்கிறவர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற தற்காலிக வேலை, ஒன்பது வருடமாக. அந்த மாதக் கடைசியில் நிரந்தர ஆணை வருவதாக இருந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் சூதாடக் கூடாது என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது.

"ஆபீஸ் அட்டையப் பிடிச்சுக்கிட்டு சூதாட்டக் கம்பெனிக்காரன் முன்னாடி நான் நிக்கணுமா? ஒம்பது வருஷம் வெயில்ல விசில் ஊதுனது இதுக்குத்தானா?"

"அவன் நம்ம கும்பாரேங்க."

"இல்லைன்னு சொன்னேனா? ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் நூறு தடவை வேணும்னாலும் நிக்கிறேன்."

"அதுக்குள்ள கெடு முடிஞ்சிருமே."

"அப்ப நீயே ஏதாவது சொல்லிச் சமாளி. உனக்கு வாயா இல்ல?"

வேலை நிஜமாகவே போயிருக்குமா? தெரியாது. நான் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை. கிரிசாந்தோவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம், அவன் புரிந்துகொண்டிருப்பான். வேறு வழி என்னவென்று இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஏஞ்சலைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆனால் கும்பாரே கேட்டு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பச்சைப் பொய் சொல்ல மட்டும் எழுந்தது.

"ஆர்செனியோவோட அண்ணனுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. ராத்திரியே கப்பல் ஏறி மிண்டோரோ போயிட்டாரு. அந்த ஊருல போன்கூட எடுக்காது" என்றேன் மறுநாள் காலை.

"அடப் பாவமே. என்ன நோவு?"

"கல்லீரல்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டான். சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். மிண்டோரோ பக்கம் யாராவது போனால் அண்ணனுக்குக் கொடுத்துவிடு என்றான். அந்தப் பழத்தைக் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் லீவு போட்டு ஒளிந்திருந்த ஆர்செனியோதான் தின்றார். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்கவில்லை. மேலதிகாரியைக் கெஞ்சி, எங்கள் நிறுத்தத்து வண்டிகள் போகாத ஊர்க்கோடிச் சந்தை முனையில் நிற்க இடம் வாங்கிக்கொண்டார். விடிவதற்கு முன் பின்பக்கமாகப் போவார், இருட்டிய பிறகு பின்பக்கமாக வருவார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடமாடுகிற புருஷனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது.

கிரிசாந்தோ தினமும் காலையில் வந்து கேட்பான். "அண்ணன் எப்படி இருக்காரு? ஆர்செனியோ எப்ப வர்றாரு?" நானும் தினமும் ஒன்று சொல்வேன். எட்டாம் நாளுக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். வருவான், ரொட்டி வாங்குவான், மழையைப் பற்றிப் பேசுவான், போய்விடுவான். சலித்துப்போய்விட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினோராம் நாள் ஒரு தாளோடு வந்தான். மணிலாவில் இந்த ஆட்டக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கிற அலுவலகம் இருக்கிறதாம், புகார் எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்களாம்.

"ஆர்செனியோவத் தொந்தரவு பண்ணாம முடியுதான்னு பாக்கிறேன் குமாரே. நீ எழுதித் தர்றியா? நாளைக்கே பஸ் ஏறிடுவேன்."

எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. "புகார்ல யாரு வாலட்னு எழுதணுமேய்யா" என்றேன்.

"ஆமால்ல" என்றான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

பதினைந்தாம் நாள் பணம் ஆட்டத்துக்கே திரும்பிவிட்டது. மறுபடி விண்ணப்பிக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்று ஏஞ்சல் எழுதினாள். அதோடு விட்டாளா? உங்கள் பொறுமைக்குப் பரிசாக ஐம்பது சுற்று இலவசம் என்றாள். அவள் நிஜப் பெண்ணா எந்திரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்கமாட்டாள்.

"ஏழே நாள்தான். அதுக்குள்ள அவரு வந்துருவாரு, சத்தியமா வந்துருவாரு. தொட்டுராதய்யா" என்றேன். இந்தத் தடவை நான் சொன்னது நிஜம். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன், ஆணை வருகிற நாளும் ஏழு நாள் முடிகிற நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"சரி குமாரே" என்றான்.

அந்த வாரம் புயல். நிறுத்தத்தில் ஒரு ஆள் கிடையாது. பக்கப்பெட்டிக்குள் சுருண்டு உட்கார்ந்தபடி அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். போய்ப் பிடுங்கியிருக்கலாம். என்ன உரிமையில் பிடுங்குவது? ஃபெலிசாவோடு பேசுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி ஆர்செனியோவுக்கு நிரந்தர ஆணை வந்தது. புதுச் சீருடையோடு முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், "கூப்பிடு அவனை. இப்பவே பேசிடுறேன்" என்றார். அந்த மனிதரையும் நான் குறை சொல்ல முடியாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் நின்றார்.

நான் கடையைக்கூட மூடாமல் ஓடினேன். கிரிசாந்தோ வண்டியின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கும்பாரே, வந்துட்டாரு! வா, வீடியோல பேசலாம்!"

அவன் துணியைக் கீழே வைத்தான். போனை எடுத்து என்னிடம் நீட்டினான். பதினோரு பெசோ இருந்தது.

"எப்ப?"

"வியாழக்கெழமை முடிஞ்சுது. பத்தாயிரம் மட்டும் ஆடிப் பாக்கலாம்னு தொட்டேன். அப்புறம் அந்தப் பத்தாயிரத்த மீட்கலாம்னு ஆடுனேன்."

என்மேல் வந்திருக்க வேண்டிய கோபமெல்லாம் அவன்மேல் வந்தது. "உனக்கு அறிவிருக்கா? நாலு நாள் பொறுக்க முடியல உன்னால? அவ அங்க முட்டியப் பிடிச்சுக்கிட்டு ஏறி எறங்குறா, நீ இங்க பழமும் மணியும் பாத்துக்கிட்டு இருந்தியா? என்ன மனுசன்யா நீ?" நிறுத்தத்தில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமை என்று சிரிக்கிறவன்கூட அன்று சிரிக்கவில்லை.

அவன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னான். "அவரு வரமாட்டாருன்னு நெனச்சுட்டேன் குமாரே."

"வருவாருன்னு சத்தியம் பண்ணேனா இல்லையா?"

"பண்ண." துணியை எடுத்துப் பிழிந்தான். "எட்டாம் நாளு ஒரு அம்மா ரெண்டு மூட்டை அரிசியோட, நம்ம வண்டிங்க போகாத அந்தக் கோடிச் சந்தைக்கு வண்டி கேட்டுச்சு. போனேன். முனையில ஆர்செனியோ விசிலோட நின்னுக்கிட்டு இருந்தாரு."

நான் அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டியத் திருப்பிட்டேன். அந்தம்மாவ முன்னாடியே எறக்கி, மூட்டைய நானே தலையில வெச்சு சந்து வழியாக் கொண்டுபோய் வெச்சேன்."

"ஏன்யா? நேராப் போய் அவரு சட்டையப் பிடிச்சுக் கேக்க வேண்டியதுதானே? என்கிட்ட வந்தாவது கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேக்கிறது?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "என்னப் பாத்தா அவருக்குச் சங்கடமா இருக்காதா? நீங்க ரெண்டு பேரும் வேணும்னா பண்ணுவீங்க? ஏதோ முடியாத காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். முடியாதுங்கிறது தெரிஞ்சப்புறம் பணம் சும்மாதான கெடக்குதுன்னு தோணிருச்சு. ஆர்செனியோகிட்ட இதச் சொல்லிராத, சரியா?"

நான் தெருவைக் கடந்து கடைக்கு வந்து, வந்த வாடிக்கையாளருக்கு சிகரெட்டுக்குப் பதில் தீப்பெட்டியைக் கொடுத்தேன். ஆர்செனியோ உள்ளிருந்து, "என்ன, வர்றானா?" என்று கேட்டார். பணம் போய்விட்டது என்றேன். அவர் புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மற்றதை அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாலட்டிலிருந்து ஆட்டத்துக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். ஓட்டுநர்கள் இரண்டு கடை தள்ளிப் போகிறார்கள். கிரிசாந்தோ அங்கும் போவதில்லை. காலையில் வருகிறான், ரொட்டி வாங்குகிறான், முன்னைவிட மெதுவாக ஓட்டுகிறான். ஃபெலிசாவை முதலாளி தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் கொடுக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவன் கடை வாசலில் நின்று அவளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். "குமாரே பக்கத்துலதான் இருக்கு, இந்தா" என்று வலை வழியாக போனை என்னிடம் நீட்டினான். அவள் முகம் பாதியாகியிருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

"குமாரே, எல்லாம் சொன்னாரு. அந்த ஆளு பொறுமையில்லாம தொலச்சுட்டாரு, என்ன பண்றது. ஆனா அந்தக் கம்பெனிக்காரங்களோட நீ எவ்வளவு மல்லுக்கட்டுனேன்னு சொன்னாரு. ஆர்செனியோகூட மிண்டோரோவுலேர்ந்து ஓடி வந்தாராமே. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்னே தெரியல."

கிரிசாந்தோ முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். நான் அவளிடம், "முட்டிக்குத் தைலம் தடவிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.